வெள்ளச்சியின் வயது

பிப்ரவரி 3
அக்கா தம்பிக்கு எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு குறை இல்லை. அதுவும் மாடிப்படி ஏறும்போதுதான் தன்னை ஞாபகப்படுத்துகிறது. உன் வீட்டுக்காரி சின்னவளுக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா? போன தடவை போனில் கேட்டபோது "ம்" என்றாய். நின்றுவிட்டது என்பதற்கும் ம், நிற்கவில்லை என்பதற்கும் ம். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். காகிதத்தில் ம் போட்டுத் தபால்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளச்சிக்கு உடம்பு சரியில்லை.

மரவாடிக்குப் பின்னால் இற்றுப்போன கட்டையில் நான் கண்டெடுத்த காளான் அது. நீ கல்லூரியில் படித்த காலத்தில் சமையலறை மேஜையில் குக்கரை வைத்துக்கொண்டு, அதைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து விதையாக்கிக் கொடுத்தாய். அன்றிலிருந்து இன்றுவரை நான் வெளியில் ஒரு பிடி காளான் விதை வாங்கியதில்லை. ஒரு புட்டி தீரும்போது அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுப் புட்டியில் போடுவோம். அது தீரும்போது அதிலிருந்து இன்னொன்று. அப்படியே வம்சம் ஓடிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் வைக்கோல் பையில் விதையைப் போட்டால் வெள்ளை நூல் பாய் விரித்த மாதிரி ஓடும். இப்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் பழுப்பாக ஒரு விளிம்பு. அதைத் தாண்டி இம்மியும் நகர்வதில்லை. வைக்கோலை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். கொட்டகை மேஸ்திரியை மட்டும்தான் மாற்றவில்லை. "அதையும் மாத்திப் பாருங்களேன், நானும் நாலு நாள் நிம்மதியா தூங்குவேன்" என்கிறார்.

விதைக் கம்பெனி ஏஜென்டுக்கு எப்படியோ வாசம் பட்டுவிட்டது. நேற்று வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "ஏன்க்கா கஷ்டப்படுறீங்க? எங்க விதையைப் போடுங்க, கொட்டகையை எங்க பேருக்கு மாத்திக் குடுங்க, நீங்க சும்மா மேற்பார்வை பாத்தா போதும். வருஷக் கடைசிக்குள்ள சொல்லுங்க" என்றான். கூடையில் காளான் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றவள் நான். என் விதை என் கையில் இருக்கும்வரைதான் நான் முதலாளி. அது போனால் இந்தக் கொட்டகையில் நானும் ஒரு கூலியாள். அதனால் கேட்கிறேன், பூஞ்சையைப் படித்தவன் நீ. இது என்ன?

சின்னவளுக்கு என் அன்பைச் சொல். அவளையும் ஒரு வரி எழுதச் சொல்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 27
தம்பி அக்காவுக்கு எழுதியது

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீ மாடியை விட்டுக் கீழே படுத்துக்கொள். முழங்காலோடு வீம்பு வேண்டாம்.

நீ சொல்லும் பழுப்பு விளிம்பைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. நான் இத்தனை வருஷம் பார்த்தது சாணத்தில் முளைக்கும் ஒரு சின்னப் பூஞ்சை. அதற்கு மனிதனைப் போல வயதாகும். நன்றாக வளர்ந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நுனி கறுத்து நின்றுவிடும். வெள்ளச்சியிடமும் அதுதானா என்று பார்க்காமல் சொல்லக் கூடாது.

விளிம்பிலிருந்து கொஞ்சம், நடுவிலிருந்து கொஞ்சம், இரண்டையும் தனித்தனியாக அனுப்பு. முகவரி மாறியிருக்கிறது, பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாதே. அங்கே பார்சல்கள் தேங்கிவிடுகின்றன.

மேஸ்திரியைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


மார்ச் 8
அக்கா தம்பிக்கு எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள்கிறாயா? நான் இன்னும் மாடியில்தான் படுக்கிறேன். கீழே படுத்தால் கடைச் சாமானெல்லாம் என்னையே பார்ப்பது போல் இருக்கிறது. மாடியில் ரேடியோவாவது பேசுகிறது.

நீ கேட்ட இரண்டு துண்டுகளும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. நீ சாணப் பூஞ்சையைப் படிக்கிறாய் என்பதை மேஸ்திரியிடம் சொன்னேன். "அதுக்கா கப்பலேறிப் போனாரு, நம்ம மாட்டுக் கொட்டாய்லயே நிறைய இருக்கே" என்றார். உன் படிப்பின் மேல் அவருக்கு மரியாதை குறையவில்லை, பயப்படாதே.

இப்போது என் கணக்கு. சின்னவளுக்கு இருமல் நின்றதா என்று கேட்டிருந்தேன். சாணப் பூஞ்சைக்கு வயதாகும் என்று பதில் வந்திருக்கிறது. விலையைக் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுகிறவனிடம் சரக்கு இருக்காது. இது நான் வியாபாரத்தில் கண்டது.

வீடு மாறியதைக்கூடப் பின்பக்கம்தான் எழுதுகிறாய். மூன்றாம் மாடி, பின்கட்டு என்று போட்டிருக்கிறாய். இரண்டு பேருக்கு இடம் போதுமா? அவளுக்கு வெயில் விழுகிற ஜன்னல் ஒன்று வேண்டுமே, இல்லாவிட்டால் செடிகளை எங்கே வைப்பாள்?

அவளுக்கு என் அன்பு. சீக்கிரம் எழுது, என் பைகள் காத்திருக்காது.

அக்கா


ஏப்ரல் 30
தம்பி அக்காவுக்கு எழுதியது

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இவ்வளவு தாமதம் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சோதனை முடிவு கைக்கு வர நாள் ஆகிவிட்டது.

நான் பயந்ததுதான். வெள்ளச்சிக்கு நோய் இல்லை. உன் வைக்கோலிலும் தண்ணீரிலும் குறை இல்லை. அவளுக்கு வயதாகிவிட்டது.

அந்த வெள்ளை நூலுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டி அடுப்புகள் ஏராளமாக இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். சாப்பிட்டதை எரித்து நூலுக்குச் சக்தி கொடுப்பது அவைதான். உயிரின் பெரிய மரபுச் சுவடி வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இந்த அடுப்புகளுக்கென்று ஒரு சின்னச் சுவடி, அடுப்புக்குள்ளேயே இருக்கும் டி.என்.ஏ., தனியாக உண்டு. நூல் நீள நீள அதைப் படி எடுத்துக்கொண்டே போக வேண்டும். அப்படி எடுக்கும்போது எங்கோ ஒரு துண்டு கழன்று தனியாக வட்டம் போட்டுக்கொள்கிறது. அந்தத் துண்டுக்கு அடுப்பெரிக்கத் தெரியாது. தன்னைப் போல இன்னொன்றைச் செய்ய மட்டும் தெரியும். நாளடைவில் நல்ல சுவடிகளைவிடத் துண்டுகள் அதிகமாகிவிடும். அடுப்புகள் ஒவ்வொன்றாக அணையும். நூல் நின்றுவிடும்.

எல்லாக் காளானுக்கும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வயதே ஆகாமல் வளர்கிற பூஞ்சைகளும் நிறைய உண்டு. நீ அனுப்பிய விளிம்பில் அப்படிப்பட்ட துண்டுகள் குவிந்து கிடந்தன, அதனால் சொல்கிறேன். தீரும்போதெல்லாம் நீ புதுப் புட்டியில் போட்டாய். புட்டிதான் புதுசு. உள்ளே போனவள் அதே பழையவள்.

ஒரு வழி இருக்கிறது. நான் இங்கே வந்த வருஷம் வெள்ளச்சியைக் கோதுமை மணியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரில் உறையவைத்தது அப்படியே இருக்கிறது. உறைந்து கிடப்பதற்கு வயது ஏறாது. அதில் ஒரு குழாயை உயிர்ப்பித்து இத்துடன் அனுப்புகிறேன். பழைய விதையோடு சேர்க்காதே.

ஜன்னல் கேட்டிருந்தாய். ஒன்று இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 6
அக்கா தம்பிக்கு எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இரு, உன் கைக்குப் பொன்வளை போட வேண்டும். நான் நலம், முழங்கால்கூட நலம்.

அடுப்பு, சுவடி, துண்டு எல்லாவற்றையும் மேஸ்திரிக்கு வாசித்துக் காட்டினேன். வேலை எதுவும் செய்யாமல் ஆள் மட்டும் பெருகுவது என்றதும், "நம்ம வியாபாரிகள் சங்கத்துக் கமிட்டி மாதிரின்னு சொல்லுங்க" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்.

குழாய் வந்தது. இத்தனை வருஷம் கழித்து அவளை அந்த வெண்மையில் பார்த்ததும் குழாயை முந்தானையால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வேலையைப் பார்த்தேன். குழாய் என் சுண்டுவிரல் அளவு. கொட்டகை நாலு. அந்தத் துளியைப் பெருக்கிப் பெருக்கி நாலையும் நிரப்புவதற்குள், நம்மிடம் மொத்தமாகக் காளான் வாங்குகிற பெரிய கடைக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். பழைய சரக்கு தேங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? புதுச் சரக்கை அதோடு கலந்து ஓட்டுவோம். புதுசின் மணத்தில் பழசும் விலை போய்விடும். மிளகு வியாபாரியைக் கேள், தேயிலை வியாபாரியைக் கேள், இதையேதான் சொல்வான். சேர்க்காதே என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்து ஒழுங்கு, புட்டிக்குப் புட்டி சீட்டு ஒட்டுகிற சமாசாரம் என்று எடுத்துக்கொண்டேன். குழாயில் இருந்த மொத்தத்தையும் தானியத்தில் ஒரு தடவை வளர்த்து, எல்லாப் புட்டியிலும் பழைய விதையோடு பாதிக்குப் பாதி போட்டுவிட்டேன்.

இன்று காலையில் பார்த்தேன். வெள்ளை ஓடுகிறது, தம்பி. நின்ற இடத்தையும் தாண்டி ஓடுகிறது.

சின்னவளிடம் முதலில் சொல். அவள் ஒரு வரிகூட எழுதவில்லை என்று எனக்கு வருத்தம்தான், அதையும் சொல்.

அக்கா


ஜூன் 14
தம்பி அக்காவுக்கு எழுதியது

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, பொறுத்துக்கொள்.

எல்லாப் புட்டியிலும் போட்டுவிட்டாயா? ஒரு புட்டியாவது புதுசு மட்டும் தனியாக இருக்கிறதா? இருந்தால் இப்போதே எடுத்து வேறு அறையில் வை.

காளான் நூல் தேயிலை இல்லை. ஒரே ரகத்து நூல்கள் இரண்டு எதிர்ப்பட்டால் நடுச்சுவர் கரைந்து ஒன்றாகிவிடும். அப்போது இளசு பழசைத் தூக்கி நிறுத்தாது. பழசில் இருக்கும் அந்தத் துண்டுகள் இளசின் அடுப்புகளுக்குள் இறங்கிவிடும். முதலில் ஓடுவது போலத்தான் தெரியும். வேற்று ரகமாக இருந்தால் நடுவில் எல்லை கட்டிச் சண்டை போட்டாவது தப்பித்திருக்கும். சொந்தம் என்பதால்தான் ஒட்டிக்கொள்கிறது.

இதை அப்போதே விவரமாக எழுதியிருக்க வேண்டும். ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன்.

தம்பி


ஜூலை 29
அக்கா தம்பிக்கு எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? நான் இருக்கிறேன்.

தனியாக ஒரு புட்டியும் இல்லை. நீ சொன்னபடியே ஆயிற்று. ஓடிய வெள்ளை இரண்டு வாரம் ஓடிவிட்டு நின்றது. அதே பழுப்பு விளிம்பு. பழையது நின்றதைவிட இது நின்றதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. மூன்று கொட்டகையை மூடிவிட்டேன். பறிக்கிற பெண்களில் பாதிப் பேரை அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு நானே சொல்லி அனுப்பிவைத்தேன். போகும்போது ஒருத்தி, "திரும்பக் கூப்பிடுவீங்கல்லக்கா?" என்று கேட்டாள். வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு பொய் வரவில்லை. பார்ப்போம் என்றேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ எழுதியது ஒரு வரி என்றாலும் நான் படித்த வரி. உன்னிடம் இன்னும் இருக்கும் என்ற தைரியத்தில் அள்ளிப் போட்டேன். இருக்கும்தானே? நீ பள்ளிக்கூடம் போகும்போது பென்சில் வாங்கினால்கூட ஒன்றுக்கு இரண்டாக வாங்குவாய். அந்த ஃப்ரீசரில் இன்னொரு குழாய் நிச்சயம் இருக்கும். அதை அனுப்பு. இந்தத் தடவை பழையதையெல்லாம் கொளுத்திவிட்டுத்தான் அதைத் தொடுவேன்.

சின்னவள் போன் எண் மாறிவிட்டதா? கூப்பிட்டால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்கிறது. புது எண்ணை எழுது. அவள் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

அக்கா


ஆகஸ்ட் 26
அக்கா தம்பிக்கு எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. போனை நீ எடுப்பதும் இல்லை.

நாலாவது கொட்டகையிலும் இன்று ஒன்றும் பறிக்கவில்லை. தண்ணீர் தெளிக்கிற சத்தம், பெண்கள் சண்டை போடுகிற சத்தம், எதுவும் இல்லை. மத்தியானம் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரக் காரணம் எதுவும் இல்லாததால் அங்கேயே இருந்தேன். மேஸ்திரி எட்டிப் பார்த்து, "பூசணம் உங்க மேல ஏறிடப் போவுது" என்று எழுப்பினார்.

இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போங்கள். இரண்டு பேருக்கும் என் அன்பு.

அக்கா


செப்டம்பர் 6
தம்பி அக்காவுக்கு எழுதியது

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம்.

குழாய் இருக்கிறது. ஆனால் எடுக்க முடியவில்லை. ஃப்ரீசரில் ஏதோ பழுது. அதோடு வெளியே அனுப்ப இப்போது புதிதாக அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. பொறுப்பாளரும் விடுமுறையில் இருக்கிறார். நீ காத்திருக்க வேண்டாம், அக்கா. கம்பெனி விதையைப் போட்டுவிடு. அதுவும் நல்ல விதைதான்.

வரச் சொல்லியிருந்தாய். இப்போது நான் வந்து யாருக்கும் பிரயோசனம் இல்லை. கெட்டது தனியாக இருந்தால் தன்னோடு முடிந்துவிடும்.

இங்கே சாயங்காலம் சீக்கிரம் இருட்ட ஆரம்பித்துவிட்டது. உன் முழங்காலைக் கவனி.

தம்பி


செப்டம்பர் 15
அக்கா, தம்பியின் மனைவிக்கு ஆய்வுக்கூட முகவரியில் எழுதியது

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமாக இருக்கிறாயா, அம்மா? இருமல் நின்றதா? தம்பியிடம் பல தடவை கேட்டுவிட்டேன், பதில் கிடைக்கவில்லை. அதனால் உன்னையே கேட்கிறேன்.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள் என்று உனக்குத் தெரியும். என் வெள்ளச்சி செத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய இளமைக்காலத்துக் குழாய் ஒன்று நீங்கள் இருவரும் வேலை பார்க்கிற ஆய்வுக்கூடத்து ஃப்ரீசரில் இருக்கிறது. தம்பியிடம் கேட்டேன். எடுக்க முடியாததற்கு மூன்று காரணம் எழுதியிருக்கிறான். உண்மைக்கு ஒரு காரணம் போதும். மூன்று சொல்கிறவன் நாலாவது ஒன்றை மறைக்கிறான்.

அந்த நாலாவது என்ன என்று நான் உன்னைக் கேட்கவில்லை. வருஷம் பூரா அவன் கடிதங்களில் நீ இல்லை. எனக்குக் கண் இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல், இல்லாவிட்டால் விடு. நான் கேட்பது குழாயை மட்டும். அது இல்லாவிட்டால் ஜனவரியிலிருந்து என் கொட்டகைக்கு நான் கூலிக்குப் போக வேண்டும்.

என்ன நடந்திருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். செடிகள் நலமா?

அக்கா


அக்டோபர் 4
தம்பியின் மனைவி அக்காவுக்கு எழுதியது

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அண்ணி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

இருமல் நின்று ரொம்ப நாளாகிறது. நின்றதா என்று உங்கள் கடிதம் வரும்வரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

குழாயை உயிர்ப்பித்து இத்துடன் அனுப்புகிறேன். இதுதான் கடைசி. இதன் பிறகு ஃப்ரீசரில் வேறு இல்லை. பழையது இருக்கும் அறைக்குள் இதைக் கொண்டுபோகாதீர்கள், பழையதைத் தொட்ட கத்தியால் இதைத் தொடாதீர்கள்.

போன வருஷம் எங்கள் இருவரின் வேலைக்காலமும் ஒன்றாக முடிந்தது. எனக்கு நீட்டித்தார்கள், அவருக்கு நீட்டிக்கவில்லை. பெரிய சண்டை எதுவும் இல்லை. காலையில் நான் கிளம்பும்போது அவர் எனக்காகக் கதவைத் திறந்துவிடுவார். தினமும் அப்படித் திறந்துவிட அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன். நானும் ஏதாவது பேசியிருக்கலாம். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள், தனியாக ஓர் அறை பார்த்துவிட்டேன் என்றார். இப்போது மாவு ஆலை ஒன்றில் தானியத்தில் பூசணம் இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை.

உங்கள் துண்டுகளைச் சோதித்தது நான்தான். அவர் பார்சலை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். முடிவை எழுதி அதே காவலாளியிடம் கொடுத்துவைத்தேன். முதல் குழாயும் அப்படித்தான் போயிற்று. இரண்டாவதற்காக ஒரு நாள் வந்தாராம். எதிர்ப்பக்கம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார் என்று காவலாளி சொன்னார். கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பேன். நான் இறங்கிப் போயிருந்தாலும் கொடுத்திருக்கலாம்.

அவருக்காக ஒரு வார்த்தை. உங்களிடம் மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. உங்களுக்கு எழுதுகிற கடிதத்தில் மட்டும் அவர் இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருந்தார்.

செடிகள் இருக்கின்றன. உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சின்னவள்


டிசம்பர் 1
அக்கா தம்பிக்கு எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நான் நலம். கட்டிலை மாடியிலிருந்து இறக்கிக் கீழே போட்டுவிட்டேன், நீ சொன்னது சரிதான்.

நீ அனுப்பிய குழாய் வந்து சேர்ந்தது. இவ்வளவு சிரமத்துக்கு நடுவில் அனுப்பியிருக்கிறாய், சந்தோஷம்.

இந்தத் தடவை எதையும் கலக்கவில்லை. குழாயைப் பிரிப்பதற்கு முன்னால் நாலு கொட்டகையையும் காலி செய்தோம். பைகளையெல்லாம் வெளியே போட்டுக் கொளுத்தினோம். புட்டிகளை வேகவைத்தோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பழைய வெள்ளச்சியின் கடைசிப் புட்டி என் கையில்தான் இருந்தது. மேஸ்திரி கையை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. சோறு போட்டவள். நானே கொதிக்கிற தண்ணீரில் இறக்கினேன். அதுவரை அங்கொன்று இங்கொன்றாகக் கிடைத்ததும் போய், அதன் பிறகு ஒன்றரை மாதம் விற்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடையைத் திறந்துவைத்து, போணி இல்லாமல், வருகிறவர்களுக்கெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூடை சுமந்த காலத்தில்கூட அப்படி இருந்ததில்லை.

புதுசைக் கடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன அறையில் வைத்து வளர்த்தேன். தனிக் கத்தி, தனிச் செருப்பு. நேற்று முதல் பை முழுக்க வெளுத்துவிட்டது. ஒரு மூலைகூடப் பாக்கி இல்லை. உங்கள் விதை வேண்டாம் என்று ஏஜென்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வந்து பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எங்கேர்ந்துக்கா பிடிச்சீங்க?" என்றான். அட்டைப்பெட்டிக் கம்பெனிப் பெண்களுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். இப்போதைக்கு இரண்டு பேருக்குத்தான் வேலை இருக்கிறது, ஆனால் பார்ப்போம் என்றவள் பார்த்துவிட்டேன்.

இனிமேல் வருஷா வருஷம் கொஞ்சத்தை உறையவைத்துக் காப்பாற்ற வேண்டும், எதோடும் கலக்காமல் பெருக்க வேண்டும். எனக்கு இருப்பது கலக்கிற கை. அது பழக்கம், சாகிறவரை போகாது. என் பக்கத்தில் கலக்காத கை ஒன்று வேண்டும். விதை அறைக்கு ஆள் தேடுகிறேன். சம்பளம் சுமார்தான், முதலாளி வாயாடி, மாடியில் ஜன்னல் இரண்டு இருக்கின்றன. தம்பி என்று சும்மா உட்காரவைத்துச் சோறு போட மாட்டேன். வேலைக்கு வருகிறவனாக வா. வர முடியாவிட்டால் அதையும் எழுது, ஒரே ஒரு காரணத்தோடு எழுது.

கெட்டது தனியாக இருந்தால் தன்னோடு முடியும் என்று எழுதியிருந்தாய். அது புட்டிக்கு. நீ புட்டி இல்லை. யோசித்துப் பார்.

இங்கே உன்னைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். பார்சல் வந்த அன்று மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மேல இருக்கறது தம்பி கையெழுத்து மாதிரி இல்லையே" என்றார்.

"அங்க குளிரு. கை விறைச்சிருக்கும். பெட்டியைப் பிரிங்க" என்றேன்.

அக்கா